இஞ்சி முதலாளியின் ஆட்கள்

கொச்சியில் மட்டாஞ்சேரி படகு ஜெட்டிக்குப் போகும் வழியில் ஒரு திருப்பம் இருக்கிறது. காலை ஆறரை மணிக்கு அங்கே அறுபது எழுபது பேர் நிற்போம். கொத்தனார்கள், சித்தாட்கள், பெயின்டர்கள், ஓடு மாற்றுகிறவர்கள். பெரும்பாலும் தேனி, மதுரை, திண்டுக்கல் பக்கத்து ஆட்கள். பிக்கப் வண்டி வந்து நிற்கும். ஓட்டுகிறவர் கண்ணாடியை இறக்கி இரண்டு விரலைக் காட்டுவார். இரண்டு பேர் ஏறிக்கொள்வோம். சாயங்காலம் அதே இடத்தில் இறக்கிவிட்டால் அன்றைய உறவு முடிந்தது. மறுநாள் வேறு வண்டி, வேறு ஆள், வேறு சுவர்.

இப்படி வேலை செய்கிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. வாடகைக்கு அறை கேட்டாலும், ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதினாலும், ராத்திரி ரோந்து வரும் போலீஸ்காரர் நிறுத்தினாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஆருடெ ஆளா?" யாருடைய ஆள் என்று கேட்கிறார்கள். யாருடைய ஆளும் இல்லை என்று சொன்னால் வீடு கிடைக்காது, சீட்டில் ஒரு கோடு காலியாக நிற்கும், போலீஸ்காரர் வண்டியைவிட்டு இறங்குவார். ஒரு பெயரைச் சொன்னால் எல்லாரும் திருப்தியாகிவிடுவார்கள்.

எங்கள் திருப்பத்தில் எல்லாரும் ஒரே பெயரைத்தான் சொல்வோம். பஜார் ரோட்டில் சுக்கும் இஞ்சியும் வாங்கி விற்ற ஒரு பெரியவர். கிடங்கை மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. இப்போது பூட்டிய கதவுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மலையாளப் பேப்பர் படிப்பதுதான் அவருக்கு வேலை. நாங்கள் அவரை இஞ்சி முதலாளி என்போம். எப்போதோ ஒரு நாள் போலீஸ்காரர் ஒரு கொத்தனாரைப் பிடித்து மிரட்டியபோது இவர் நாற்காலியில் இருந்தபடியே "அது என்டெ ஆளா, விட்டேக்கு" என்றாராம். என்னுடைய ஆள், விட்டுவிடு. அன்றிலிருந்து அவர் பெயர் எங்களுக்குப் பொதுச்சொத்து. புதிதாக யாராவது ஊரிலிருந்து வந்தால் குளியலறை எங்கே என்று சொல்லிக்கொடுப்பதற்கு முன்பே அந்தப் பெயரை மனப்பாடம் செய்ய வைத்துவிடுவோம்.

நான் கொச்சிக்கு வந்த மறுநாளே கற்றுக்கொண்டேன். அதற்கு முன் திருப்பூரில் பனியன், ஓசூரில் ரோஜாத் தோட்டம், மங்களூரில் மீன் பெட்டி. ஒரு ஊரில் மூன்று வருடத்துக்கு மேல் என் கால் நின்றதில்லை. புருஷன் இருந்தான், பிறகு இல்லை. பள்ளிக்கூடம் ஏழாவது பாதியோடு சரி. தமிழ் படிப்பேன், மலையாளத்தில் பஸ் போர்டு படிப்பேன். மட்டாஞ்சேரியில் சித்தாளாகச் சேர்ந்து இது ஐந்தாவது வருடம். ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று கேட்டால், இப்போது சொல்லப்போகிற விஷயமும் ஒரு காரணம்.

போன வருடம் எங்களோடு நிற்கும் பெயின்டர் ஒருவர் விழுந்துவிட்டார். பஜார் ரோட்டில் பழைய மிளகுக் கிடங்கு ஒன்றை வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற விடுதியாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். மாடி வெளிச்சுவரில் சாரத்தில் நின்று பெயின்ட் அடித்தவர் கீழே வந்தார். இடுப்பு போய்விட்டது. கட்டடக்காரர் மேஸ்திரியைக் கேள் என்றார். மேஸ்திரி, நான் வண்டி மட்டும்தான் அனுப்பினேன், ஆள் என்னுடையது இல்லை என்றார். பெயின்டர் வலியில் ஆஸ்பத்திரிச் சீட்டில் என்ன பெயரைச் சொல்லியிருப்பார்? மனப்பாடம் செய்த பெயரைத்தான். "உன் முதலாளிதான் இஞ்சிக்காரர் ஆச்சே, அவரிடம் போ" என்று இரண்டு பேரும் கையை உதறிக்கொண்டார்கள். பெயின்டரை நாலு பேர் ரயிலில் படுக்க வைத்து ஊருக்கு அனுப்பினோம்.

எங்களைக் காப்பாற்றிய பெயர் அன்றைக்கு எங்களைக் கைவிட்டது. மறுநாளும் ஆறரைக்கு நின்றோம்.

ஜெட்டிக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலக்காட்டிலிருந்து அவருடைய தாத்தா காலத்தில் கொச்சிக்கு வந்த குடும்பம். மலையாளம் கலந்த தமிழ் பேசுவார், ஆனால் எழுதுவது மலையாளமும் இங்கிலீஷும்தான். ஆதார் அட்டை நகல் எடுக்க வருகிறவர்களை எல்லாம் ஏதாவது ஒன்று சொல்லித் திட்டாமல் அனுப்ப மாட்டார். மிஷின் சூடாகும்வரை பேப்பர் படிப்பார். ஒரு நாள் என்னை விரலைச் சுண்டிக் கூப்பிட்டார்.

"டீ, இங்கே வா. உங்களுக்குன்னு ஒரு சட்டம் வரப்போறது. வெளியூர்லேருந்து வந்து வேலை செய்யறவாளுக்குப் பதிவு. பதிஞ்சா அடிபட்டா உதவி கிடைக்கும்."

"எப்ப மாமி வருது?"

"வரல. வர்றதுக்கு முன்னாடி கேக்கறா."

"யாரு?"

"பார்லிமென்ட் கமிட்டி. மசோதாவை அவாகிட்டே குடுத்திருக்கா. ஒவ்வொரு வரியா நோக்கணும், ஜனங்கள்ட்ட அபிப்பிராயம் கேக்கணும், அப்புறம்தான் சபைக்குத் திரும்பிப் போகும். எழுதி அனுப்பலாம்னு போட்டிருக்கு. நேர்ல வந்து பறையணும்னாலும் பறையலாமாம்."

"யாரெல்லாம் போகலாம்?"

"எல்லாரும்னு போட்டிருக்கு. எல்லாரும்னா நீயும் உண்டோல்லியோ?"

எனக்கு அது நம்புகிற மாதிரி இல்லை. சட்டம் என்பது ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஒட்டுவதற்கு முன்னால் யாரோ உட்கார்ந்து அதை எழுதுகிறார்கள், எழுதியதை வேறு சிலர் உட்கார்ந்து சந்தேகப்படுகிறார்கள், சந்தேகப்படுவதற்கென்றே பல கட்சிக்காரர்களை ஒரே மேஜையில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அன்றுதான் தெரியும்.

மாமி மசோதாவைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து அச்சடித்தார். பன்னிரண்டாவது பிரிவில் எங்கள் விஷயம் இருந்தது. இங்கிலீஷில் படித்துவிட்டுத் தமிழில் சொன்னார். வேலை கொடுப்பவர் குறிப்பிட்ட படிவத்தில் தரும் சான்றிதழைக் கொண்டுவந்து காட்டும் தொழிலாளிக்குப் பதிவு வழங்கப்படும்.

நான் அந்த வரியைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். திரும்பச் சொன்னார். சான்றிதழ் தருகிறவர் யார்? காலையில் இரண்டு விரலைக் காட்டிவிட்டு மாலையில் இறக்கிவிடுகிறவரா? அந்த ஒரு வரி அப்படியே நின்றால் எங்கள் திருப்பத்தில் நிற்கும் ஒருவருக்கும் பதிவு கிடையாது. அடுத்து யார் விழுந்தாலும் ரயில்தான்.

திருப்பத்தில் விஷயத்தைச் சொன்னேன். இரண்டே நாளில் மாமி கடையில் நாற்பது மனு சேர்ந்துவிட்டது. ரேஷன் கார்டு வேண்டும், அறைக்குக் கக்கூஸ் வேண்டும், ஊரில் பட்டா மாற்ற வேண்டும். ஒவ்வொன்றிலும் கோர்ட் ஸ்டாம்ப் வேறு.

மாமி தலையில் அடித்துக்கொண்டார். "கோர்ட்டுக்கா போறேள்? இதென்ன கலெக்டர் ஆபீஸா? அவா உங்களுக்கு ஒண்ணும் தரமாட்டா. அவாளால தரவும் முடியாது. ஒரு வரியை மாத்தச் சொல்லலாம், அவ்வளவுதான். எந்த வரி, எப்படி மாத்தணும், அதை மட்டும் பறையுங்கோ."

கம்பம் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் எங்களுக்கு வாய். கட்டட வேலையில் என்னோடு அதிகம் சேர்ந்து நிற்பவர். என்னைவிட இளையவர். அவர் சொன்னார், "மாமி, ஒத்த வரிய மாத்தவா டெல்லியில இருந்து ஏரோப்பிளேன்ல வாறாக?"

"ஆமாடா. நீ ஒரு செங்கல் கோணலா வெச்சா மேஸ்திரி இறங்கி வந்து நோக்கலையா?"

"அவரு நோக்க மாட்டாரு மாமி, ஏசத்தான் செய்வாரு."

அன்று சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் தயாரானது. எங்களுக்கு ஒரு முதலாளி கிடையாது, தினம் ஒருவரிடம் வேலை செய்கிறோம், ஆகவே வேலை கொடுப்பவரின் சான்றிதழ் இல்லாமல் தொழிலாளி தானே சொல்லி, உடன் வேலை செய்கிறவர்கள் சாட்சி சொல்லிப் பதிந்துகொள்ள வழி வேண்டும். அவ்வளவுதான். நேரில் சொல்ல விருப்பம் என்று கடைசியில் ஒரு வரி. அதை மாமி எங்களைக் கேட்காமலே சேர்த்திருந்தார்.

சில மாதம் கழித்து மாமி கடைக்கு டெல்லியிலிருந்து போன் வந்தது. குழு கொச்சிக்கு வருகிறது, எங்களுக்கு இருபது நிமிடம், மூன்று பேர் வரலாம்.

நானும் கொத்தனாரும் மாமியும் போனோம். தீவில் ஒரு பெரிய ஹோட்டல். பஸ்ஸில் பாலத்தைக் கடக்கும்போது தூரத்தில் வல்லார்பாடத்துத் துறைமுகக் கிரேன்கள் தெரிந்தன. கொத்தனார் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பாக்கெட்டில் பேனாவும் இருந்தது. "எழுதத் தெரியுமா?" என்றேன். "கையெழுத்துப் போடத் தெரியும்க்கா. பேனா இருந்தா நாலு எழுத்து தெரிஞ்ச ஆள் மாதிரி இருக்கும்ல" என்றார்.

எங்களுக்கு முன்னால் கட்டடக் காண்ட்ராக்டர்களின் சங்கத்துக்காரர்கள் உள்ளே போயிருந்தார்கள். கோட்டு போட்டவர்கள் ஏழெட்டுப் பேர் வெளியே வந்து எங்களைக் கடந்து போனார்கள். அவர்கள் உட்கார்ந்து எழுந்த அதே நாற்காலிகளில் எங்களை உட்காரச் சொன்னார்கள். என் நாற்காலியில் இன்னும் சூடு இருந்தது. அது எனக்கு மிகவும் விசித்திரமாகப் பட்டது. வேறெங்கும் அவர்களுக்கு ஒரு நாற்காலி, எங்களுக்கு ஒரு திண்டு.

நீள வட்டமாக மேஜை. சுற்றிலும் பதினைந்து பேர் இருப்பார்கள். வேட்டி கட்டியவர், தலைப்பாகை கட்டியவர், சுடிதார் போட்ட அம்மா, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்திருந்த தலைவர். ஆளுங்கட்சி யார், எதிர்க்கட்சி யார் என்று எனக்குத் தெரியவில்லை. டிவியில் பார்த்தால் தெரியும், அங்கே கத்துவார்கள். இங்கே ஒருவர் தண்ணீர் பாட்டிலை இன்னொருவர் பக்கம் தள்ளிவைத்தார். எல்லார் முன்னாலும் எங்கள் ஒன்றரைப் பக்கம் இருந்தது. சிலருடைய நகலில் பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். எங்கள் வார்த்தைக்கு அடியில் யாரோ கோடு போட்டிருப்பதை மாமிக்குக் காட்டினேன்.

ஒரு ஓரத்தில் சுருக்கெழுத்துக்காரர் ஒருவர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இன்னொருவர் சத்தமில்லாமல் வந்து உட்கார, முதல் ஆள் எழுந்து போனார். கான்கிரீட் போடும்போது சட்டி கை மாறுகிற மாதிரி இருந்தது. ஒரு சொல் கீழே சிந்தவில்லை.

தலைவர் முதலில் எங்களைக் கேள்வி கேட்கவில்லை. ஒரு தாளைப் பார்த்துப் படித்தார். தமிழ்நாட்டு உறுப்பினர் ஒருவர் எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். "அம்மா, ஐயா, நீங்க இங்க சொல்றது எல்லாம் வெளியிடப்படலாம். எதாவது ரகசியமா இருக்கணும்னா சொல்லுங்க. ஆனா ரகசியம்னு சொன்னாலும் சபை உறுப்பினர்கள் பார்க்கலாம். இங்க சாட்சி சொன்னதுக்காக உங்களை யாரும் தொந்தரவு பண்ணக் கூடாது. பண்ணினா அது சபையை அவமதிச்ச மாதிரி. பயப்படாம பேசுங்க."

நான் எத்தனையோ இடத்தில் பதில் சொல்லியிருக்கிறேன். ஸ்டேஷனில், ஆஸ்பத்திரியில், ரேஷன் ஆபீஸில். நான் சொல்லும் வார்த்தை எங்கே போகும், யார் படிப்பார்கள் என்று ஒருவரும் முன்கூட்டிச் சொன்னதில்லை. இவர்கள் சொன்னார்கள். எனக்கு அதுவரை இருந்த பயம் போய் வேறொரு பயம் வந்தது. கோயிலில் கதவு திறக்கும்போது வருகிற மாதிரி ஒன்று.

கொத்தனார் எழுந்து நின்றார். உட்கார்ந்தே பேசலாம் என்றார்கள். உட்கார்ந்தார். தலைப்பாகை கட்டிய உறுப்பினர் இந்தியில் ஏதோ கேட்க, தமிழ்நாட்டுக்காரர் அதைச் சொன்னார்.

"இப்ப நீங்க யார்கிட்ட வேலை பார்க்கறீங்க?"

கொத்தனார் வாயைத் திறந்தார். இஞ்சி முதலாளியின் பெயரைச் சொன்னார்.

அவருடைய அப்பா பேரையும் ஊர்ப் பேரையும் சேர்த்து, தெருவையும் சேர்த்து, போலீஸிடம் சொல்கிற அதே வேகத்தில் சொன்னார். சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. மாமி மேஜைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினார்.

"அவர்கிட்ட எத்தனை பேர் வேலை செய்யறாங்க?"

கொத்தனார் அதற்கும் பதில் சொன்னார். "அறுபது எழுபது பேருங்கய்யா." பயந்தவனுக்கு உண்மைதானே முதலில் வரும். அந்தப் பெயரைச் சொல்கிறவர்கள் அறுபது எழுபது பேர்தான்.

மேஜையைச் சுற்றி ஒரு சலசலப்பு. சுடிதார் அம்மா எங்கள் தாளைத் தூக்கிக் காட்டி இங்கிலீஷில் பேசினார். மாமி என் காதில் சொன்னார். "முதலாளியே இல்லைன்னு எழுதியிருக்கு, இப்போ எழுபது பேர் இருக்கற முதலாளின்னு பறையறா, எது சரின்னு கேக்கறா." பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தொழிலாளர் துறை அதிகாரி ஒருவர் நோட்டில் எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அது ஒரு பெயர் என்பது எழுதிய விதத்திலேயே தெரிந்தது. பூட்டிய கதவுக்கு முன்னால் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதர், எழுபது பேரைப் பதியாமல் வைத்திருக்கும் குற்றவாளியாக அந்த நோட்டில் ஏறிவிட்டார். எங்கள் பிரிவும் போயிற்று, அவரும் போனார்.

தமிழ்நாட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. உங்களுக்கு யாரு?"

என் நாக்கிலும் அந்தப் பெயர்தான் நின்றது. அதை விழுங்கினேன்.

"ஐயா, அந்தப் பெரியவரு யாருக்கும் வேலை குடுக்கல. கிடங்கு மூடிக் கிடக்கு. நாங்க அவரு பேரைக் கடன் வாங்கி வச்சிருக்கோம்."

"கடனா?"

"யாருடைய ஆளுன்னு கேட்டா ஒரு பேரு சொல்லணும். எங்களுக்குச் சொல்ல ஆளு இல்ல. அதனால எல்லாரும் அவரைச் சொல்லுவோம். இவரு பொய் சொல்லல ஐயா. பெரிய ஆபீசருக முன்னாடி உக்காந்தா எங்க வாயில அதுதான் வரும். நீங்க கேட்டதும் எனக்கும் அதுதான் வந்துச்சு."

அவர் அதை இங்கிலீஷில் சொன்னார். பிறகு இந்தியில் ஒருமுறை. யாரும் சிரிக்கவில்லை. அதனால் நான் மேலே பேசினேன். பெயின்டர் விழுந்ததைச் சொன்னேன். அந்தச் சீட்டில் எழுதிய பெயரால் இரண்டு பேர் கை கழுவியதைச் சொன்னேன். ரயிலைச் சொன்னேன். அழவில்லை. அழுதால் சுருக்கெழுத்துக்காரர் என்ன எழுதுவார் என்று தெரியவில்லை.

பிறகு நடந்ததை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன்.

தலைவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். பன்னிரண்டாவது பிரிவைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். ஒருவர் படித்தார். பதினைந்து பேரும் தாளைத் திருப்பி அதே இடத்துக்கு வந்தார்கள். செல்போன் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் அதைக் கவிழ்த்து வைத்தார். அதன் பிறகு பேசியதையெல்லாம் மாமி என் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தார். தலைவர் பின்வரிசை அதிகாரியிடம், இந்தச் சட்டம் இப்படியே வந்தால் இந்த அம்மாவின் பதிவில் முதலாளி என்ற இடத்தில் என்ன இருக்கும் என்று கேட்டார். அதிகாரி எழுந்து, வேலை கொடுப்பவர் பெயர் என்றார். யாருடைய பெயர்? அதிகாரி தன் நோட்டைப் பார்த்தார்.

"அப்போ மட்டாஞ்சேரியில மூடின இஞ்சிக் கடையில எழுபது பேர் வேலை செய்யறதா நம்ம பதிவேடு சொல்லும்" என்றார் தலைவர். அப்போதுதான் சிரித்தார்கள். எங்களைப் பார்த்து இல்லை. தங்கள் கையிலிருந்த தாளைப் பார்த்து.

தலைப்பாகைக்காரரும் வேட்டிக்காரரும் அந்த ஒரு வரியில் ஒரு சொல்லுக்காகத் தர்க்கம் செய்தார்கள். 'காட்டும்' என்பதற்கு முன்னால் எதைச் சேர்ப்பது, 'உடன் வேலை செய்பவர்' என்றால் எத்தனை பேர், ஒருவன் போலியாகப் பதிந்தால் என்ன செய்வது. சுடிதார் அம்மா விடவில்லை. பெயரைக் கடன் வாங்குகிறவர்கள் சாட்சியையும் கடன் வாங்க மாட்டார்களா என்று நேராக என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. "வாங்குவோம்மா" என்றேன். "ஆனா கூட நின்னு மண்ணு சுமந்தவங்கிட்டதான் வாங்குவோம்." அவர் தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டார்.

நான் கான்கிரீட் போடுகிறவள். போட்ட கையோடு விரல் வைத்தால் பதியும். சற்று நேரம் கழித்து உளியால் அடித்தாலும் அசையாது. நான் பிறந்ததிலிருந்து இறுகிப்போன சட்டத்தில்தான் முட்டிக்கொண்டிருந்தேன். அது ஒரு காலத்தில் ஈரமாக இருந்திருக்கும், அப்போது அதைச் சுற்றி இப்படிச் சிலர் குனிந்து நின்றிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அன்றைக்கு அவர்கள் என்னையும் குனியவிட்டார்கள். இருபது நிமிடம் என்றார்கள், முக்கால் மணி நேரம் ஆனது.

வெளியே வந்ததும் கொத்தனார் சட்டைப் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து மாமியிடம் கொடுத்தார். "இந்தா மாமி. எனக்கு இது ராசியில்ல."

"உன் வாய்தான் ராசியில்லை. ஆனா நீ அப்படி உளறலேன்னா இவ இப்படிப் பறைஞ்சிருக்க மாட்டா. போ, டீ வாங்கிக் குடு."

மறுநாள் காலை வேலைக்கு நிற்காமல் நானும் கொத்தனாரும் இஞ்சி முதலாளியிடம் போனோம். அவர் பேப்பரை மடித்தார். விஷயத்தைச் சொன்னோம்.

"டெல்லி வரெ என்டெ பேரு போயோ?"

"போயிருச்சு முதலாளி."

"எழுபது பேரா? நான் ஒரு பத்துப் பேர்னு நெனச்சேன். இனி லேபர் ஆபீஸில் இருந்து ஆள் வந்தால் நான் எந்து பறயும்? வயசு எண்பதாகுது." மலையாளமும் தமிழும் கலந்து பேசினார். குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. திட்டியிருந்தால்கூட எங்களுக்கு இவ்வளவு சுட்டிருக்காது. கொத்தனார் அவர் காலைத் தொடப் போனார். "ஏய், எழுந்திரு. ஆட்கள் பார்த்தால் ஞான் சரிக்கும் முதலாளி என்று விசாரிக்கும்" என்றார். நிஜ முதலாளி என்றே நினைத்துக்கொள்வார்களாம்.

லேபர் ஆபீஸிலிருந்து யாரும் வரவில்லை. தபாலில் ஒரு கட்டு வந்தது. நாங்கள் அங்கே பேசியது முழுவதும் அச்சாகி, எங்கள் பார்வைக்கு. சொன்னது தவறாகப் பதிவாகியிருந்தால் திருத்தித் திருப்பி அனுப்பவும் என்று கடிதம். எங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள், நாங்கள் சரிபார்ப்பதற்கு. மாமி கடையில் அதை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். இஞ்சி முதலாளியும் ஆட்டோ பிடித்து வந்திருந்தார். மாமி பக்கம் பக்கமாகப் படித்தார். நான் சொன்ன ஒவ்வொன்றும் இங்கிலீஷில் இருந்தது. ரயில் இருந்தது, மண் சுமந்தது இருந்தது.

இஞ்சி முதலாளி தன் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தார். "இதை வெட்டலாமா?"

"அவன் பறைஞ்சதை வெட்ட முடியாது. தப்பா எழுதியிருந்தாத்தான் திருத்தலாம். அவன் பறைஞ்சதைத்தானே எழுதியிருக்கா" என்றார் மாமி. "ரகசியமா வெக்கணும்னு இப்பவும் கேக்கலாம். கேக்கட்டுமா?"

அவர் அதே பக்கத்தைத் திருப்பி, அடுத்து நான் பேசியதைப் படிக்கச் சொன்னார். அந்தப் பெரியவர் யாருக்கும் வேலை கொடுக்கவில்லை, நாங்கள்தான் பெயரைக் கடன் வாங்கினோம் என்ற இடம். இரண்டு முறை கேட்டார்.

"வேண்டா" என்றார். "ரண்டும் இருக்கட்டே. ஒண்ணு மாத்ரம் போயால் தான் பிரச்சனை."

ஒரு திருத்தமும் இல்லை என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினோம். கொத்தனார் மாமியிடம் பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

குழுவின் அறிக்கை சபையில் வைக்கப்பட்ட அன்றே மாமி அதைக் கம்ப்யூட்டரிலிருந்து அச்சடித்துவிட்டார். மிகப் பெரியது. எங்களைப் பற்றி ஒரே ஒரு பத்தி. கொச்சியில் ஒரு சாட்சி சொன்னது குழுவைச் சிந்திக்கவைத்தது என்று இருந்தது. பெயர்கள் இல்லை, எங்களுடையதும் இல்லை, அவருடையதும் இல்லை. ஒரு உறுப்பினர் இதை ஒத்துக்கொள்ளவில்லை, போலிப் பதிவு பெருகும் என்று தனியாக எழுதிச் சேர்த்திருந்தார். அதையும் அச்சடித்திருந்தார்கள். பின்னால் மசோதா, குழு திருத்திய வடிவில். குழு புதிதாகச் சேர்த்த சொற்களுக்கு அடியில் கோடு போட்டிருப்பார்கள், எடுத்துவிட்ட சொற்களின் இடத்தில் நட்சத்திரக் குறி இருக்கும் என்று மாமி சொன்னார். பன்னிரண்டாவது பிரிவில் ஒரு வரி முழுக்க அடிக்கோடு. தொழிலாளி தானே அறிவித்து, உடன் வேலை செய்த இருவர் உறுதி சொன்னால் பதிவு வழங்கப்படும்.

அந்த ஒரு பக்கத்தை மட்டும் பத்து நகல் எடுத்துத் தந்தார். காசு வாங்கவில்லை. திட்டவும் இல்லை.

காலையில் திருப்பத்தில் படித்துக் காட்டினேன். கொத்தனார் தாளை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"அக்கா, இந்த மூணு நட்சத்திரம்?"

"அங்கதான் முதலாளி சான்றிதழ்னு இருந்துச்சு. எடுத்துட்டாங்க."

"எடுத்ததுக்கு அடையாளம் வச்சிருக்காகளா?" அவர் அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். "இது சட்டமாயிருச்சா?"

"இல்ல. சபை ஓட்டுப் போடணும். அவங்க மாத்தவும் செய்யலாம், தள்ளவும் செய்யலாமாம்."

"எப்பப் போடுவாக?"

"தெரியல."

அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். அப்போது பிக்கப் ஒன்று வந்து நின்றது. ஓட்டுகிறவர் இரண்டு விரலைக் காட்டினார். வைப்பின் தீவில் ஏதோ மதில் சுவராம். நானும் அவரும் ஏறினோம். வண்டி கிளம்பியதும் அவர் டிரைவர் பக்கம் குனிந்து, "சேட்டா, உங்க பேரென்ன?" என்று கேட்டார். "என்னத்துக்கு?" என்றார் டிரைவர். "இன்னைக்கு நாங்க ஒங்க ஆளு. தெரிஞ்சு வச்சுக்கிறேன்" என்றார் கொத்தனார். டிரைவர் சிரித்தார். ஆனால் பெயரைச் சொன்னார்.